சொத்தைக் கடலைக்குத் தனித் தட்டு வைத்திருக்கும் கடை

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் தெருப் பக்கம், பெயர்ப்பலகை வெளுத்துப்போன ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அங்கே வேர்க்கடலை வாங்குவதற்காகவே பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்று உண்டு. 1989-இல் இந்நாட்டில் பச்சைக் குழந்தைகளுக்கு அதற்கான தடுப்பூசி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன். ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் பார்க்கும் டாக்டர், "கடலையைப் பார்த்துச் சாப்பிடுங்கள்" என்றார். கொழுப்புக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அஃப்லாடாக்சின் பற்றி. ஈரம் கண்ட கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் உண்டாக்கும் நச்சு. கல்லீரல் புற்றுநோயைத் தரும் என்பது உறுதியானது. என் போன்றவர்கள் உடம்பில் அதன் வீரியம் சுமார் 30 மடங்காம். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

1988-இல் பேராக் மாநிலத்தில் லோ ஷி ஃபன் என்ற அரிசி நூடல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்ததற்கும் இந்த நச்சுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அம்மா அன்றோடு நூடல்ஸை நிறுத்தினார். பூசணம் பூத்த கடலையைக் கழுவி அவிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்தக் கடையில் மூட்டைகள் பலகைமேல், சுவரை ஒட்டாமல் இருக்கின்றன. கடைக்கார அண்ணன் ஒரு கை அள்ளி முறத்தில் கொட்டுகிறார். சூம்பியது, கறுத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் ஓரத்துத் தட்டுக்குப் போகின்றன. போன வாரம் பார்க்க நன்றாக இருந்த ஒன்றைப் பிளந்தேன். இரண்டு பருப்புக்கும் நடுவே சாம்பல் பச்சையில் தூசி. "அதையும் தட்டில் போடுங்கள் தங்கச்சி, குருவிக்குக்கூட வேண்டாம்" என்றார். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்கு தின்று லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்துத்தான் இந்த நச்சே தெரியவந்தது. அண்ணனுக்கு அந்தக் கதை தெரியாது.

நச்சுக்கு நிறமோ வாடையோ கிடையாது. பொறுக்கினால் எல்லாம் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பங்கு சொத்தையில்தான் சேர்கிறது. அதற்காக அரைக் கிலோவுக்கு ஒரு ரிங்கிட் கூடக் கொடுக்கலாம்.

குறை ஒன்று உண்டு. காய்ந்த மிளகாய் மூட்டையை வாசலில், மழைச் சாரல் படும் இடத்தில் வைத்திருக்கிறார். அதிலும் இதே பூசணம் பிடிக்கும். இரண்டு முறை சொன்னேன். தலையாட்டினார், மூட்டை நகரவில்லை. மிளகாய் மட்டும் எதிர்க்கடையில் வாங்குகிறேன்.