டாக் டாக்கின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’: ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்

இந்த ஆல்பத்தை நான் இரண்டு தடவை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற பஸ்ஸில். ஹெட்போன் மாட்டிப் போட்டால் இன்ஜின் சத்தம் தவிர எதுவும் காதில் விழவில்லை, ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் ஒரு ஹார்மோனிகா வந்து காதைக் கிழித்துவிட்டது.

மூன்றாவது தடவை குத்தாலம் பக்கம் எங்கள் வீட்டில், ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரியில் கேட்டேன். வாசல் கதவைச் சாத்தி, கடைசியில் ஃபேனையும் நிறுத்திய பிறகுதான் அந்த முதல் இரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது என்றே தெரிந்தது. தூரத்தில் ஒரு டிரம்பெட், ஊதுகிறவரின் மூச்சோடு சேர்ந்து. அதற்கு அடியில் நீளமாக இழுக்கிற தந்தி வாத்தியங்கள். அப்புறம் ஒரு கிட்டார் வந்து ஒரே ஒரு தடவை வழுக்கிவிட்டு, அடுத்து என்ன என்று யோசிக்கிற மாதிரி நிற்கிறது. குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸின் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த ஹார்மோனிகா இப்போதும் கிழிக்கத்தான் செய்தது, ஆனால் அவ்வளவு அமைதிக்குப் பிறகு அது அப்படித்தான் வர வேண்டும் என்று தோன்றியது.

இதை எடுத்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். டாக் டாக் லண்டனைச் சேர்ந்த குழு, எண்பதுகளின் தொடக்கத்தில் சின்தசைசர் வைத்து ஹிட் பாட்டு போட்டவர்கள். 1986ல் வந்த ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 8ஆம் இடம் வரை போனது. அந்த வெற்றியால் அடுத்த ஆல்பத்துக்குப் பணமும் நேரமும் தாராளமாகக் கிடைத்தன. ஹாலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃபிரீஸ்-கிரீனும் ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுனும் லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். விளக்கை எல்லாம் அணைத்து, கிட்டத்தட்ட இருட்டிலேயே பதிவு. வெளியிலிருந்து கலைஞர்களை வரவழைத்து, மனம் போனபடி வாசிக்கவிட்டு, வாசித்ததில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிடித்த சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டிரம்பெட் ஹென்றி லோதர், ஹார்மோனிகா மார்க் ஃபெல்தம், டபுள் பேஸ் டேனி தாம்ப்சன். வயலினில் பேர் பெற்ற நைஜல் கென்னடிகூட இருக்கிறார், ஆனால் இங்கே தனியாவர்த்தனம் யாருக்கும் கிடையாது.

1988 செப்டம்பரில் வெளியானது. ஆறே பாட்டு, 40 நிமிடச் சொச்சம். பட்டியலில் 19ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. மேடையில் வாசிக்க மாட்டேன் என்று ஹாலிஸ் சொல்லிவிட்டார். விமர்சகர்களில் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், சிலர் பாட்டே இல்லை, வெறும் பாவனை என்று தள்ளினார்கள். ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தத் தகராறு முற்றி வழக்குவரை போனது. குழு வெளியேறி, 1991ல் வேறு லேபிளில் ‘லாஃபிங் ஸ்டாக்’ போட்டதோடு டாக் டாக் முடிந்தது. பிறகு காலம் போகப் போகக் காற்று திரும்பியது. ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டே வழக்கமான பாட்டு வடிவத்தை விட்டு விலகுகிற, போஸ்ட்-ராக் என்று பின்னால் பெயர் வாங்கிய வகைக்கே இதைத் தொடக்கங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். 2019ல் ஹாலிஸ் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பழைய ஹிட்டுகளுக்கு இணையாக இந்த ஆல்பத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

பாட்டே இல்லை என்ற அந்தக் குறையை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கொண்டாடுகிற ஊர்க்காரர்கள் நாம். ராகம் விரிகிற நேரம் முழுக்க ஒத்து என்கிற துணைக்குழல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை. இந்த ஆல்பத்தில் ராகம் கிடையாது, அந்த மாதிரி ஒப்பிடவும் நான் வரவில்லை. காத்திருக்கிற பழக்கம் மட்டும்தான் இரண்டுக்கும் பொது. எல்பி ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இருந்த மூன்று பாட்டுகளும் இடைவெளி இல்லாமல் ஏறத்தாழ 23 நிமிடம் ஒரே நீட்டாக ஓடுகின்றன. மூன்றாவதான ‘டிசயர்’ அடங்கி ஒடுங்கி வந்து, திடீரென்று டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து வெடிக்கிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது. அதைத் தனியாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. முந்திய இருபது நிமிடத்தையும் கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐ பிலீவ் இன் யூ’. ஹெராயின் போதையைப் பற்றிய பாட்டு. கண்டிப்பு இல்லை, பிரசங்கம் இல்லை, கேட்கிறவனுக்குத் துக்கம் தொண்டையை அடைக்கும். செம்ஸ்ஃபோர்ட் தேவாலயப் பாடகர் குழு நடுவில் எழும்பி வருகிற இடத்தை நான் எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். தவில் வாசிக்கிற என் மாமாவிடம் இதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, “ஒரே நடையைப் புடிச்சுக்கிட்டே போறான்டா, கையி சும்மா இருக்காதே நமக்கு, ஒரு தீர்மானம்கூட வைக்கல பாரு” என்றார். தீர்மானம் என்றால் வாசிப்பை முடித்து வைக்கிற தாளக்கட்டு. லீ ஹாரிஸின் டிரம்ஸைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

குறையும் இருக்கிறது. ஹாலிஸ் வார்த்தைகளை முழுங்கிப் பாடுகிறார், வரிகளைத் தேடிப் படிக்காமல் பாதிக்கு மேல் பிடிபடாது. ‘இன்ஹெரிட்டன்ஸ்’ நடுவில் வருகிற காற்று வாத்தியப் பகுதி அழகுதான், ஆனாலும் அந்த இடத்தில் என் கவனம் கொஞ்சம் நழுவுகிறது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பாதி ஆல்பம் காணாமல் போய்விடும். ஷஃபிளை அணைத்து, முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போடுங்கள். கடைசிப் பாட்டான ‘வெல்த்’ முடிவில் ஆர்கன் மெலிந்து மெலிந்து போகும், அது எப்போது நின்றது என்றே தெரியாது. எனக்கு அந்த ராத்திரி அதற்குப் பின்னால் வயலில் தவளைச் சத்தம் கேட்டது. ஆட்டோபிளேயையும் முன்னாடியே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆப் அந்த இடத்தில் வேறு யார் பாட்டையாவது போட்டுவிடும்.