நாய்க்குப் பச்சைக்கறி பார்சல்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரத்தில் நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரு விளம்பரம் கைக்குக் கை மாறி வந்துகொண்டிருக்கிறது. கோழி, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் கணக்காகக் கலந்து அரைத்து, வேக்யூம் பேக் செய்து, உறைய வைத்து அனுப்புகிறார்களாம். மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி. நான் கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம், எங்கள் ஜூலிக்கு டிரிப்ஸ் ஏற்றும் நிலை வந்தது இன்னொரு பக்கம். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அவர்களும் ஒரு முறை பெயரை மாற்றியாகிவிட்டது. பெயரைத் தெரிந்துகொள்வதைவிடப் பொட்டலத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

முதல் மாதப் பார்சலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கனமான தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஜெல் பேக், செங்கல் மாதிரி தட்டையாக உறைந்த அரைக்கிலோ பொட்டலங்கள். இந்த வியாபாரத்தில் முதல் பார்சல் இப்படித்தான் வரும் போலிருக்கிறது. அதை வைத்துத்தான் நாலு பேரிடம் நாமே போய் நல்லதாகச் சொல்கிறோம்.

இரண்டாவது பார்சல் வந்தது கத்திரி வெயிலில். சென்னையிலிருந்து ஆம்னி பஸ் டிக்கியில் ராத்திரி முழுக்க வந்து, விடிந்தபின் பார்சல் ஆபீஸில் இறங்கியது. பெட்டியைத் திறந்தபோது பொட்டலங்கள் கெட்டியாகத்தான் இருந்தன. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டியாக இருந்தால் சரக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்போம். கெட்டியாக இருப்பது இப்போது உறைந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நடுவில் ஒரு தடவை உருகவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லை.

ஒரு பொட்டலத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, ஜூலியின் தட்டில் போட்டேன். ஜூலி லேப்ரடார். வாசலில் விழுந்த கொய்யாப்பழத் தோலைக்கூட விடாத ஜென்மம். மோந்து பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. வெயிலுக்குப் பசிக்கவில்லை போல என்று வீட்டுக்காரர் சொன்னார். ராத்திரி பசி பொறுக்காமல் கொஞ்சம் தின்றது. மறுநாள் வாந்தி, அதற்கு அடுத்த நாள் சளியும் ரத்தமுமாக வயிற்றுப்போக்கு.

கடைக்குப் போன் செய்தேன். பணம் வாங்கும்வரை "மேடம்" என்று பேசியவர் இப்போது "அக்கா" என்று ஆரம்பித்தார். "அக்கா, பச்சைக்கறிக்கு மாறும்போது அப்படித்தான் இருக்கும். உள்ள இருக்கிற கழிவெல்லாம் வெளிய போகுது, டீடாக்ஸ். நிறுத்திடாதீங்க, தொடர்ந்து குடுங்க." ஒரு மாதமாக அதே சாப்பாட்டைத் தின்கிற நாய்க்கு இப்போது என்ன டீடாக்ஸ் என்று கேட்டேன். நாயின் வயிற்று அமிலம் எந்தக் கிருமியையும் கொன்றுவிடும் என்று ஆரம்பித்தார். ரத்தமாகப் போகிற நாய்க்கு அதே கறியைத் தொடர்ந்து போடச் சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் போனை வைத்துவிடுங்கள்.

கால்நடை மருத்துவர் டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு அனுப்பினார். நிற்காவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார், அதற்கு அவசியம் வரவில்லை. கறியால்தான் இப்படி ஆனது என்று பரிசோதனை செய்யாமல் எழுதித் தர முடியாது என்பதையும் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. சால்மொனெல்லா மாதிரி கிருமி இருக்கும் பச்சைக்கறியைத் தின்ற நாய் நன்றாகவே இருந்தாலும், அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியேறி வீட்டில் இருப்பவர்களுக்கு ஒட்டலாமாம். எங்கள் சின்னவன் ஜூலியின் முகத்தோடு முகம் வைத்துத்தான் தூங்கி எழுகிறான். மாமியாருக்கு எழுபது தாண்டியாயிற்று. சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் பச்சைக்கறியே வேண்டாம் என்பதுதான் டாக்டரின் கட்சி.

மீதிப் பொட்டலங்களை நான் எங்கள் தெருமுனைக் கறிக்கடை பாயிடம் எடுத்துப் போனேன். அவர் ஒன்றைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது உருகி மறுபடி உறைஞ்ச சரக்கும்மா" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன்.

பொட்டலத்தின் ஒரு மூலையில் மட்டும் சிவப்பாகக் கண்ணாடி மாதிரி ஐஸ் தங்கியிருந்தது. கறி உருகும்போது அதன் சாறு பள்ளமான மூலைக்கு வடியும், திரும்ப உறையவைத்தால் அங்கேயே கட்டியாகிவிடும். ஒரே தடவை உறைந்த பொட்டலத்தில் அப்படித் தனியாகச் சாறு தேங்காது. அப்புறம் வடிவம். முதல் மாதம் தட்டையாக வந்தவை இந்தத் தடவை ஒன்று வளைந்தும் ஒன்று பிதுங்கியும் இருந்தன. ஒன்றில் ஏதோ கம்பித்தட்டின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. இளகிப்போய் அந்தத் தட்டின்மேல் உட்கார்ந்த பிறகு உறைந்திருக்கிறது. இரண்டு பொட்டலங்களில் பிளாஸ்டிக் கறியோடு ஒட்டாமல் லேசாக ஊதியிருந்தது. வேக்யூம் பேக்கில் காற்றே இருக்கக் கூடாது. ஒன்று ஒட்டு விட்டிருக்க வேண்டும், இல்லை உள்ளே கிருமி வேலை செய்து வாயு கட்டியிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் குப்பைக்குத்தான். பாய் அதை வெட்டித் திறக்கவே விடவில்லை.

தேதியைப் பார்க்கலாம் என்று லேபிளைத் தடவினால் கெட்டியாக இருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். மேலே இருந்ததில் அந்த மாதம், கீழே இருந்ததில் ஏழு மாதத்துக்கு முந்தைய மாதம். பாய் எதுவும் பேசவில்லை, சுண்ணாம்பை எடுத்து வெற்றிலையில் தடவ ஆரம்பித்துவிட்டார்.

எடையிலும் கை வைத்திருக்கிறார்கள். கெட்டியாக இருக்கும்போது தராசில் 500 கிராம் சரியாகக் காட்டியது. ஊதாத பொட்டலம் ஒன்றை ஃப்ரிட்ஜில் உருக்கி, வடிகட்டியில் போட்டு நிறுத்தேன். கறி 400 கிராமுக்குச் சற்றுமேல், மீதி இளஞ்சிவப்புத் தண்ணீர். எந்தக் கறியும் உருகினால் கொஞ்சம் சாறு விடும். மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் துகள்கள் உண்டாகிச் சதையைக் கிழித்துவிடும், அதனால் இரண்டு தடவை உறைந்த கறியில் தண்ணீர் அதிகம் வடியும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்றால் உருகியது மட்டும் காரணமாக இருக்காது, அரைக்கும்போதே ஐஸ் சேர்த்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். கிலோ 280 ரூபாய் என்று வாங்கிய சரக்கில் தண்ணீர் என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் 14 இலக்க உணவு உரிம எண் ஒன்றும் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துத்தான் பலர் நம்புகிறார்கள். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்ணும் உணவுக்கானது, கால்நடைத் தீவனத்தை அதன் விளக்கத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த எண் உண்மையாகவே இருந்தாலும், நாய்க்கென்று அரைத்த இந்தக் கலவையை யாரும் வந்து பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை.

உறைய வைத்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதைப் பலரும் சொல்லக் கேட்கிறேன். சாகாது. மைனஸ் 18 டிகிரியில் பெருகாமல் தூங்கும், அவ்வளவுதான். 5 டிகிரியைத் தாண்டினால் விழித்துக்கொள்ளும், நம்மூர் மே மாதச் சூட்டில் கேட்கவே வேண்டாம். லிஸ்டீரியா என்கிற கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலேயே மெல்லப் பெருகும். ஒவ்வொரு தடவை உருகும்போதும் கிருமியின் எண்ணிக்கை ஏறும், திரும்ப உறையவைத்தால் ஏறிய எண்ணிக்கை அப்படியே நிற்கும்.

அரைத்த கறியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் ஒரு வகை நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாய் மலத்திலிருந்து மனிதர் வயிற்றுக்குப் போனால் நம் ஈரலில் கட்டி வரும். முழு ஈரலாக வாங்கினால் கண்ணால் பார்த்து ஒதுக்கலாம். அரைத்துப் பொட்டலம் கட்டிவிட்டால் உள்ளே என்ன போனது என்பது அரைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டு ஃப்ரீசரை நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். புயல் வந்தால் சொல்ல வேண்டியதில்லை, 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் இருட்டில் இருந்தார்கள். நிறைந்த டீப் ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் சுமார் இரண்டு நாள் குளிர் நிற்கும், பாதிதான் நிறைந்திருந்தால் ஒரு நாள். ஊருக்குப் போகும் முன் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. ஐஸுக்குள் இறங்கியிருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி உறைந்திருக்கிறது, கறியை எடுத்துப் போட்டுவிடுங்கள். இந்தக் காசு வித்தையை அந்தக் கடைக்காரர் தன் கிடங்கில் செய்து பார்த்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை வந்திருக்காது.

இப்போது ஜூலிக்குப் பாய் கடையிலிருந்து அன்றன்று வெட்டிய கோழி. வாங்கி வந்த சூட்டோடு ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, பையைத் தட்டையாகப் பரப்பி, மார்க்கரில் தேதி எழுதி ஃப்ரீசரில் வைக்கிறேன். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உறையும், உருகுவதும் சீராக இருக்கும். முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கி, சாறு ஒழுகாமல் எவர்சில்வர் தட்டில் வைப்பேன். அதற்குக் கத்தி, பலகை எல்லாம் தனி. டாக்டர் பேச்சைக் கேட்டு எலும்பை எடுத்துவிட்டு வேகவைத்துத்தான் போடுகிறேன், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். எலும்பு இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால் அதற்கு அவர் எழுதிக் கொடுத்த பவுடர் தனியாக. பச்சையாகத்தான் போடுவேன் என்கிறவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. எங்கே வெட்டியது, என்று உறையவைத்தது என்று தெரிந்த கறியாக இருக்கட்டும்.

கடைசியாகப் பணம். மூன்றாவது மாதச் சரக்கு வேண்டாம், அதன் பணத்தையும் இந்தப் பார்சலின் பணத்தையும் கொடுங்கள் என்று கேட்டேன். பஸ்காரர் வெயிலில் போட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கரைப் பஸ்காரரா ஒட்டினார் என்று கேட்டு போட்டோ அனுப்பினேன், அன்றே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எடைக் குறைவையும் தேதித் திருட்டையும் பற்றித் தொழிலாளர் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நம் மாநிலத்தில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான். பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் இருந்தாக வேண்டும். என்னிடம் உள்ளதில் முகவரி என்ற இடத்தில் ஊர் பெயர் மட்டும் இருக்கிறது.

இதே மாதிரி இரட்டை ஸ்டிக்கர் பொட்டலம் உங்கள் வீட்டிலும் இருந்தால், கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கவர் போட்டு இறுக்கக் கட்டி, ஃப்ரீசரில் ஓர் ஓரமாக வையுங்கள். பணம் அனுப்பிய விவரம், பார்சல் சீட்டு, மருத்துவர் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அவர்கள் பிளாக் செய்வதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். புகாரோடு இணைக்க அவைதான் வேண்டியிருக்கும்.