ஸ்டோனி கோவ்ல இருந்து ஹேவ்லாக் வரைக்கும்: பல வருஷமா யூஸ் பண்ற டைவிங் கிட் பத்தி

எனக்கு வேலை இங்கிலாந்துல, அதனால வாரக்கடைசி டைவ் பெரும்பாலும் லெஸ்டர்ஷையர்ல இருக்குற ஸ்டோனி கோவ்ல தான். பழைய கருங்கல் குவாரி, தண்ணி ரொம்பி டைவிங் இடமா ஆயிடுச்சு. நல்ல தண்ணி, குளிர்காலத்துல 5 டிகிரி பக்கம் இருக்கும். ஊருக்கு வந்தா பாண்டிச்சேரி, லீவு கிடைச்சா அந்தமான்ல இருக்குற ஹேவ்லாக் தீவு, அங்க 28, 29 டிகிரி. ரெண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே கிட்டத் தூக்கிட்டுப் போறதால எது எங்க உதவுது, எது சும்மா பையில வெயிட்டா கிடக்குதுன்னு நல்லாவே தெரிஞ்சுபோச்சு. புதுசா வாங்குறவங்க எந்த பிராண்டுன்னு தான் கேக்குறாங்க, நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணு தான், நீங்க இறங்கப்போறதுலயே ரொம்பக் குளிரான தண்ணி எது?

ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காத்த மூச்சு விடுற அழுத்தத்துக்குக் குறைச்சுக் குடுக்குற கருவி, அதை வச்சு தான் முடிவாகும். சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல இருக்குற காத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல (ரெகுலேட்டர்ல சிலிண்டரோட மாட்டுற பகுதி) சட்டுனு சுமார் 10 பாருக்கு இறங்கும்போது விரியுது, விரியும்போது பயங்கரமா குளிருது, சுத்தி இருக்குற தண்ணியே 4, 5 டிகிரின்னா உள்ள ஐஸ் பிடிச்சு வால்வு திறந்தபடியே மாட்டிக்கும், காத்து நிக்காம கொட்டும், அதைத்தான் ஃப்ரீ ஃப்ளோன்னு சொல்றோம். ஐரோப்பால விக்குற ரெகுலேட்டர்ல இஎன் 250ங்குற முத்திரைக்குப் பக்கத்துல "10 டிகிரிக்கு மேல"ன்னு குறி இருந்தா அது குளிர்தண்ணிக்கு இல்லன்னு அர்த்தம், கடையில அதைக் கண்டிப்பா பாருங்க. என்கிட்ட இருக்குறது அபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50, டயஃப்ரம் டைப், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்குள்ள தண்ணி போகாம சீல் பண்ணது. வருஷா வருஷம் சர்வீஸ் குடுத்துடுறேன், ஜனவரி மாசத் தண்ணியிலயும் இதுவரைக்கும் தகராறு பண்ணல. ஆனா ரெகுலேட்டர் நல்லதா இருந்தா மட்டும் போதாது, குளிர்ல கரையில நின்னு அதுல மூச்சு விட்டுப் பாக்கக்கூடாது, மூச்சோட ஈரம் உள்ள உறைஞ்சிடும், காத்த வெளிய தள்ளுற பர்ஜ் பட்டனையும் அழுத்திப் பிடிக்கக்கூடாது. இதே ரெகுலேட்டர் அந்தமான்லயும் பிரமாதமா ஓடுது, கொஞ்சம் கனம் அவ்ளோதான். வெறும் வெதுவெதுப்பான கடல்ல மட்டும் டைவ் பண்றவங்களுக்கு இவ்ளோ காசு தேவையே இல்ல.

ரெகுலேட்டர சிலிண்டரோட சேக்குற கனெக்ஷன் டின் (DIN) தான் எடுத்தேன், அது திருகி மாட்டுறது. நம்ம ஊர் டைவ் சென்டர்ல நான் பாத்தது பெரும்பாலும் கவ்வி மாட்டுற யோக் வால்வு, அதுக்கு உள்ளங்கை அளவுல ஒரு அடாப்டர் போதும்.

உடம்பு நனையாம வச்சுக்குற ட்ரை சூட் ஒரு தனி உலகம். என்னோடது ட்ரைலாமினேட், மூணு அடுக்குத் துணி, சூட்டே சூடு குடுக்காது, உள்ள போடுற கம்பளி மாதிரி அண்டர்சூட் தான் குடுக்கும், அதனால பருவத்துக்கு ஏத்த மாதிரி அதை மட்டும் மாத்திக்கலாம். ஆனா அவ்ளோ காத்த உடம்போட சுத்தி வச்சுக்கிட்டு இறங்க ஸ்டோனி கோவ்ல எனக்கு 11 கிலோ ஈயம் வேணும், அதே சூட்டோட சீல்ங்குற கடல் விலங்கப் பாக்க இங்கிலாந்து ஃபார்ன் தீவுப் பக்கம் கடல்ல இறங்கினா இன்னும் ரெண்டு ரெண்டரை கிலோ கூட, உப்புத்தண்ணி அவ்ளோ தூக்குது. ஹேவ்லாக்ல 3 மிமீ வெட் சூட்டுக்கு 3 கிலோல முடிஞ்சிடும். அங்க குடுக்குற அலுமினிய சிலிண்டர் காத்து தீரத் தீர மிதக்க ஆரம்பிக்கும், அதனால முழு சிலிண்டரோட பாத்த வெயிட்ட நம்பாதீங்க, 50 பார் மிச்சம் இருக்கும்போது 5 மீட்டர்ல அசையாம நிக்க முடியுதான்னு பாருங்க.

28 டிகிரி தண்ணிக்கு சூட்டே வேணாம்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகல. காத்தை விட இருபது மடங்குக்கு மேல வேகமா தண்ணி உடம்புச் சூட்ட இழுத்துடும், ஒரே நாள்ல மூணாவது டைவ்ல பல்லு கிட்டும், ஜெல்லி மீன் வேற இருக்கு. இன்னொண்ணு, வெட் சூட் செய்யுற நியோப்ரீன் ரப்பர்ல இருக்குற குட்டி குட்டிக் காத்துக் குமிழி ஆழத்துல நசுங்கிடும், 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார், அங்க 3 மிமீ சூட் 3 மிமீயா இருக்காது. வருஷக்கணக்கா போட்டாலும் அப்படித்தான், என் பழைய சூட் இப்ப கையில பிடிச்சாலே மெலிசா தெரியுது.

ஃபின், அதாவது கால் துடுப்பு விஷயத்துல ரெண்டு ஜோடி வச்சிருக்கேன். ட்ரை சூட்ல காத்து காலுக்குப் போய் பாதம் மேல தூக்கும், அதுக்கு ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின் அருமை, கனமான ரப்பர், 1965ல வந்த டிசைன் இன்னும் விக்குது. ஃப்ளைட்ல 23 கிலோ கணக்குக்கு அது ஆகாது, ஊருக்கு லேசான ஃபுல் ஃபுட் ஃபின். அதே கணக்குதான் முதுகுல சிலிண்டரத் தாங்குற பேக்பிளேட்டுக்கும், இங்கிலாந்துல ஸ்டீல், பெல்ட்ல இருக்குற ஈயத்துல ரெண்டு மூணு கிலோ குறையுது, பயணத்துக்கு அலுமினியம், மிதக்குறதுக்குக் காத்து அடைக்குற விங் ரெண்டுக்கும் ஒண்ணு தான்.

பாண்டிச்சேரி வேற மாதிரி. விசிபிலிட்டி ஒரு நாள் 20 மீட்டர், மறுநாள் 5 கூட வராது, அறுந்துபோன வலை எங்க கிடக்கும்னு சொல்ல முடியாது. கத்திய விட லைன் கட்டர் தான் அங்க நல்லது, நைலான் நூலை ஒரே இழுப்புல அறுக்குது, கை எட்டுற இடத்துல மாட்டிக்கங்க, கால்ல வேண்டாம். கலங்கின தண்ணியில டார்ச் வெளிச்சம் அகலமா பரவினா தூசி தான் பளபளக்கும், குறுகலான பீம் வாங்குங்க. ஆழமும் நேரமும் காட்டுற டைவ் கம்ப்யூட்டர் ஷியர்வாட்டர் பெரெக்ரின், கலர் ஸ்க்ரீன் கலங்கல்லயும் தெளிவா படிக்க முடியுது, நல்ல தண்ணி உப்புத் தண்ணி மாத்திக்கலாம். அந்தமான்ல கரெண்ட் இழுக்குற இடத்துல மேல வர்றதுக்கு முன்னாடி நிக்குற சேஃப்டி ஸ்டாப்லயே மேல விட ஒரு எஸ்எம்பி (நாம இருக்குற இடத்தக் காட்டுற மிதவை) வேணும், அது இல்லாம படகுல ஏறவே ஏறாதீங்க, அலையில ஒரு தலை மட்டும் போட்காரருக்குத் தெரியவே தெரியாது.

வருஷத்துக்கு ஒரு அந்தமான் ட்ரிப் தான்னா மாஸ்க், கம்ப்யூட்டர், சூட், எஸ்எம்பி சொந்தமா வாங்கிட்டு மீதிய வாடகைக்கு எடுங்க. மாஸ்க் மட்டும் ஆன்லைன்ல வேண்டாம், முகத்துல வச்சு ஸ்ட்ராப் போடாம மூக்கால லேசா மூச்ச இழுத்தா ஒட்டி நிக்கணும்.

சென்னை வீட்டுல வச்சிட்டு வர்ற சாமானுக்கு எதிரி உப்பு மட்டும் இல்ல, சூடும் ஈரப்பதமும் தான். ட்ரை சூட்டோட லேடெக்ஸ் கழுத்து சீல் ஒரு கோடை முழுக்க அங்க இருந்து பிசுபிசுன்னு ஆயிடுச்சு, இப்ப சிலிக்கான் சீல் போட்டிருக்கேன், கிழிஞ்சா நாமளே மாத்திக்கலாம், கழுத்துலயும் உறுத்தல.