நம்பியார் முகம் வேணும்னா: ராமநாதபுரத்து நாடக வாடகைக் கடையின் வில்லன் செட்

திருவிழா நெருங்கினால் தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், ஏர்வாடிப் பக்கத்து நாடகக் குழுக்கள் ராமநாதபுரத்தில் உள்ள இந்தக் கடைக்குத்தான் வருகின்றன. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வில்லனுக்கு நம்பியார் மாதிரி வரணும்." கடைக்காரர் உடனே மீசைப் பெட்டியைத் திறப்பதில்லை. வேஷம் கட்டப்போகிறவரை வெளிச்சத்தில் நிறுத்தி, முதலில் புருவத்தைப் பார்க்கிறார். இந்த ஒன்றுக்காகவே அங்கே போகலாம்.

எம்.என்.நம்பியார் சிறுவயதிலேயே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். 1935இல் 'பக்த ராமதாஸ்' வழியாகத் திரைக்கு வந்தார். 1950இல் 'திகம்பர சாமியார்' படத்தில் பல வேஷங்கள். 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை' வில்லன். கையைப் பிசைந்துகொண்டு, கண்ணை உருட்டி, புருவத்தை ஏற்றும் அந்த முகம் கடைசி வரிசைக்கும் தெரியும்படி நடித்துப் பழகிய மேடை முகம். ஒட்டு மீசையால் அது வராது.

கடை மேக்கப்பில் புருவத்தின் உள்முனை மூக்குப் பக்கம் இறங்கும், வெளிமுனை நெற்றிப்பொட்டை நோக்கி ஏறும். மேல் இமையில் மை தடிப்பாக. கீழ் இமை ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. விழி பெரிதாகத் தெரிவது அதனால்தான். முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடியான முத்துவெள்ளையைக் குறைத்தே போடுகிறார்கள். எல்இடி ஃபோகஸில் அது கொஞ்சம் கூடினாலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

குறை மீசையில்தான். முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பசையைத் தடவுகிறார்கள். எண்ணெயில் பசை பிடிக்காது. கடற்கரை ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் வாயோரம் முதலில் கிளம்பும், வசனம் பேசப் பேச மீசை தொங்கும். மேலுதட்டில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிடச் சொல்லுங்கள். பசை தடவியதும் ஒட்டக்கூடாது. விரலில் பிசுபிசுக்கும் வரை பொறுத்து, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். நாடகம் முடிந்ததும் பிடித்து இழுக்காமல் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுங்கள், தோல் உரியாது.

உடுப்பு பரவாயில்லை. வெல்வெட் மேலங்கி கனமானது, ஆனியிலும் ஆடியிலும் கச்சான் காற்று அடித்தாலும் பறக்காது. ஜரிகைதான் உப்புக் காற்றில் கறுத்துக் கிடக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போதே நல்ல பக்கத்தை முன்னால் வைத்துத் தைத்துத் தரச் சொன்னால் செய்கிறார்கள். அட்டைக் கிரீடத்தை மணலில் வைக்காதீர்கள்: அடி நனைந்தால் நெளிந்துவிடும், அதற்கு அட்வான்ஸில் பிடிப்பார்கள். டோப்பாவை (ஒட்டு முடி) முதல் நாளே தலையில் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவுதான் இருக்கிறது. பெரிய தலைக்கு ஏறாது.