பிச்சாவரமா, முத்துப்பேட்டையா, கோடியக்கரையா?

டெல்டா பக்கம் தண்ணீரும் காடும் பறவையும் பார்க்கப் போகலாம் என்று கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒரே சனி ஞாயிறில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். வேண்டாம். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊரான சிதம்பரத்திலிருந்து, கோடியக்கரைக்குப் பக்கத்து ஊரான வேதாரண்யம் போகவே மூன்று மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும். படகில் இருக்க வேண்டிய காலை வேளை காரில் கழியும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நேரம் மிஞ்சினால் பக்கத்தில் உள்ளதைச் சேர்த்துக்கொள்வதுதான் நல்லது. எதைப் பிடிப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும்: எந்த மாதம் போகிறீர்கள்? கூட யார் வருகிறார்கள்?

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிச்சாவரம்தான். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக அரை மணி நேரப் பயணம். தங்க லாட்ஜ், சாப்பிட ஹோட்டல், கோயில் எல்லாம் சிதம்பரத்திலேயே உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் கிடக்கும் சதுப்புநிலக் காடு இது. படகுத்துறையில் மோட்டார் படகும் இருக்கும், துடுப்புப் படகும் இருக்கும். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். அதன் சத்தத்துக்குப் பறவையும் நிற்காது. துடுப்புப் படகைக் கேட்டு வாங்குங்கள். கிளைகள் தலைக்கு மேல் கைகோத்து நிற்கும் ஒடுங்கிய வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும்.

உள்ளே போனதும் கரையோரத்தைப் பாருங்கள். தண்ணீரில் பல கால்களை ஊன்றி நிற்கிற மரம் சுரபுன்னை. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும். விழுந்தால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று வேர்விடும், அல்லது மிதந்து போய் வேறிடத்தில் கரையேறும். ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், இறங்கியிருக்கிற நேரமானால் சேற்றில் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும் நண்டுகளைப் பார்க்கலாம். ஆட்டுவது ஆண் நண்டு. பெண்ணை அழைப்பதற்கும் போட்டிக்கு வருபவனை விரட்டுவதற்கும் அந்த ஒரே கொடுக்குதான்.

பிச்சாவரத்தின் குறை கூட்டம். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் போனால் டிக்கெட் வரிசையில் வெயில் காய்ந்துவிட்டு, முன்னும் பின்னும் படகுகளோடு ஊர்வலம் போய் வரலாம். வார நாளில் முதல் படகைப் பிடித்தால் அதே இடம் வேறு மாதிரி இருக்கும். எப்படியும் ஒரு காலைப்பொழுது போதும். இரண்டாவது நாளுக்கு இங்கே சரக்கு இல்லை என்பது என் கணக்கு.

முத்துப்பேட்டை இதற்கு நேர் எதிர். திருத்துறைப்பூண்டிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில் இருக்கிறது. கோரையாறு, பாமணியாறு என்று காவிரியின் கடைமடைக் கிளைகள் கடைசியாக வந்து சேரும் இடம். ஜாம்புவானோடைப் பக்கத்திலிருந்து கிளம்பும் படகு, ஆற்றோடு வெகுநேரம் போன பிறகுதான் லகூன் எனும் கடலோர உப்பு ஏரி விரியும். விரிந்ததும் கரை எங்கே என்று தேடவேண்டிய அகலம். ஆழம் மட்டும் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் மீன் பிடிக்கிறார்கள்.

இங்கே காட்டின் பெரும்பகுதி அலையாத்தி மரம். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல் மேலே எழும்பி நிற்பவை அதன் மூச்சு வேர்கள். இலையைப் புரட்டி அடிப்பக்கத்தை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். அலையாத்தியோ ஓரளவு உள்ளே வாங்கி, இலை வழியாகத் துப்பிவிடும். பிச்சாவரத்திலும் வாய்க்காலோரச் சுரபுன்னைக்குப் பின்னால் அலையாத்தி உண்டு, ஆனால் அங்கே படகில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சுரபுன்னைதான்.

2018 நவம்பரில் அடித்த கஜா புயல் இந்தக் காட்டை உருக்குலைத்துப் போட்டது. பட்டுப்போன மரங்களைப் பார்த்தால் ஏமாற வேண்டாம், அதுவும் இந்தக் காட்டின் கதைதான். உண்மையான சிக்கல் வேறு: வனத்துறை அனுமதி, படகு, படகோட்டி மூன்றும் முன்கூட்டியே பேசி வைக்காமல் போனால் கரையிலிருந்தே திரும்ப நேரும். நடுவெயிலில் நிழல் கிடையாது. பிச்சாவரத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா கூட்டம்" என்று திரும்பியவர்களுக்கான இடம் இது.

இனி கோடியக்கரை. சுரபுன்னைக் காட்டுக்குள் படகுச் சவாரி என்ற ஆசையோடு போகிறவர்களுக்கு இது சரிப்படாது. மற்றபடி, ஓரிடம்தான் போகமுடியும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். வறண்ட பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு, கடல் நான்கும் ஒரே நாளில் கிடைக்கும். 1967 முதல் சரணாலயம். 2002இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய பிறகு இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது இது ஒன்றுதான். முத்துப்பேட்டைக் காடும் அதே அறிவிப்புக்குள் அடக்கம். பிச்சாவரம் சேர்ந்தது 2022இல்.

காலையில் புல்வெளிக்குப் போனால் வெளிமான். முறுக்குக் கொம்போடு கறுத்துத் தெரிவது ஆண். கொம்பில்லாமல் பழுப்பாக இருப்பது பெண். கூடவே சொந்தக்காரர் யாருமில்லாத குதிரைகள் மேயும். படம் பிடிக்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மானுக்கு வேண்டிய புல்லையும் தண்ணீரையும் அவையும் பங்கு கேட்கின்றன. போதாக்குறைக்குச் சீமைக்கருவேல் புல்வெளியை விழுங்கி வருகிறது. பிற்பகலில் சதுப்புப் பக்கம் பூநாரை. பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெள்ளைக் கோடு ஒன்றைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். இருந்தால், அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அவை சலித்துத் தின்பது வரை தெரியும்.

மாதக் கணக்குக்கு வருவோம். அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வலசைப் பறவைகள் வந்துகொண்டிருக்கும், புயலும் வரலாம், சதுப்போர மண்பாதையில் வண்டி மாட்டும். ஜனவரி, பிப்ரவரி மூன்றுக்குமே பொற்காலம். கோடைக்காலம் பிறந்துவிட்டால் கோடியக்கரைச் சதுப்பு காயத் தொடங்கும், பறவையும் குறையும். மே மாத லீவில்தான் போகமுடியும் என்றால் பிச்சாவரத்துக்கு விடிகாலையில் போய்விட்டு வாருங்கள், மற்ற இரண்டையும் தள்ளி வையுங்கள்.

கோடியக்கரைக்குத் தங்க வேதாரண்யத்தில் இடம் கிடைக்காவிட்டால் வேளாங்கண்ணி இருக்கிறது. ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா, அப்போது மட்டும் அந்தப் பக்கம் அறை தேடாதீர்கள். மறுநாளும் கையில் இருந்தால் திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். படகு அமையாமல் போனாலும் அந்தச் சாலையிலேயே உதயமார்த்தாண்டபுரம் ஏரி உண்டு. நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் இடம். மேட்டூர்த் தண்ணீரை நம்பிய ஏரி என்பதால், கிளம்பும் முன் தண்ணீர் நிற்கிறதா என்று அந்தப் பக்கத்தில் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.