ஃபட்ஜ், கடலை மிட்டாய், பால்கோவா: நாலு மணிப் பசிக்கு எது சரி?

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் போனால் சாக்லேட் கடைகளில் ஃபட்ஜ் (சர்க்கரை, பால், வெண்ணெய் சேர்த்துக் கிளறும் மெத்தென்ற இனிப்பு) டப்பாவோடு வெளியே வருபவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். மீதிப்பேர் நாம்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா இருந்துகொண்டே இருக்கிறது, பள்ளி விட்டு வரும் பிள்ளை முதலில் அதைத்தான் திறக்கிறது. அதே வீட்டு அலமாரியில் கடலை மிட்டாய் பாக்கெட்டும் இருக்கும், யாராவது தெற்கே போய் வந்தால் பால்கோவாவும் இருக்கும். இந்த மூன்றில் எதைத் தினப்படி கொடுக்கலாம் என்று கேட்டால் பலரும் உடனே கலோரியைப் பார்க்கிறார்கள். கலோரியை மட்டும் பார்த்தால் கடலை மிட்டாயைவிட ஃபட்ஜ் நல்லது என்றுதான் முடிவு வரும். அந்த முடிவு தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் நடுத்தர ஃபட்ஜ் துண்டு கிட்டத்தட்ட அந்த எடைதான். சாதாரண சாக்லேட் ஃபட்ஜ் 100 கிராமில் சுமார் 410 கலோரி, 73 கிராம் சர்க்கரை, 10 கிராம் கொழுப்பு, இரண்டரை கிராம் புரதம். ஆக ஒரு துண்டில் 123 கலோரி, 22 கிராம் சர்க்கரை, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. கடலையும் வெல்லமும் சம எடை போட்டுச் செய்த கடலை மிட்டாய் 30 கிராமில் 140 கலோரிக்கு மேல் வரும். ஆனால் சர்க்கரை 13, 14 கிராம்தான். புரதம் 4 கிராம், நார்ச்சத்து ஒரு கிராமுக்கு மேல். கொழுப்பு ஏழெட்டு கிராம், அதில் பெரும்பகுதி மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு.

இருபது கலோரி கூடுதல் என்று கடலை மிட்டாயை ஒதுக்குபவர்கள் அந்தக் கலோரி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. ஃபட்ஜில் வருவது பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து. கடலை மிட்டாயில் பாதிக்கு மேல் மல்லாட்டையிலிருந்து.

பால்கோவா இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 150 கிராம் சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சினால் 300 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். அந்தக் கணக்கில் 30 கிராமுக்கு 115 கலோரி, சேர்த்த சர்க்கரை 14 கிராம், புரதம் 3 கிராம், கால்சியம் 100 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நல்ல பண்டம்தான். ஆனால் பாலைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டிச் செய்தால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். தெரிந்த கடையில் வாங்குங்கள், அல்லது வீட்டில் கிளறுங்கள்.

இந்த எண்களைவிட முக்கியமானது பதம். ஃபட்ஜுக்குச் சர்க்கரை, பால், வெண்ணெய், கோகோ எல்லாம் சேர்த்து 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்க விடுவார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கையில் மெத்தென்று உருண்டு வரும் பதம் அது. பிறகு அசைக்காமல் ஆறவிட்டு, 45, 50 டிகிரிக்கு வந்ததும் விடாமல் கிளறுவார்கள். சர்க்கரை நாக்குக்குத் தெரியாத அளவு பொடிப் படிகமாக உருவாகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் வழுவழுவென்று கரைகிறது. மெல்லவே வேண்டாம். முதல் துண்டு வயிற்றுக்குத் தெரிவதற்குள் கை இரண்டாவதை எடுத்துவிடுகிறது.

கடலை உருண்டைக்குப் பாகு இன்னும் முற்ற வேண்டும். தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். கடிக்க, மெல்ல, விழுங்க நேரமாகும். பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு மணிக்கு ஒரு உருண்டை தின்றுவிட்டு ராத்திரிச் சாப்பாடு வரை தாங்கும். ஃபட்ஜ் தின்ற பிள்ளை ஐந்தரைக்கே சமையலறைக்கு வந்து நிற்கும்.

ஃபட்ஜைக் குறை சொல்ல வேண்டும் என்று எனக்கில்லை. அது பசிக்கான பண்டமே இல்லை. அமெரிக்காவில் வாஸர் கல்லூரி மாணவி ஒருவர் 1888-ல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் கிளறியதாக அவரே எழுதியிருக்கிறார். விசேஷத்துக்குச் செய்து பகிர்ந்து தின்றது. அந்த இடத்தில் வைத்தால் அது அருமையான இனிப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வயிறு நிறைந்திருக்கும்போது, ஒரு துண்டை நாலாக நறுக்கி ஆளுக்கொரு சிறு சதுரம். ஏழெட்டு கிராம்தான் இருக்கும், சர்க்கரை ஆறு கிராமுக்குள் அடங்கும். ஒருநாளும் பிரச்சினை இல்லை. பல் இல்லாத பெரியவர்களுக்கும் அது வசதி, கடலை மிட்டாயை அவர்களால் கடிக்க முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு இது: தினம் 2000 கலோரி சாப்பிடுபவருக்குத் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது. முழு ஃபட்ஜ் துண்டு ஒன்றே 22 கிராம். காலையில் ஒரு டீ, சாயந்திரம் ஒரு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 16 கிராம் போய்விடுகிறது. வளரும் பிள்ளைக்குக் கணக்கு இன்னும் இறுக்கம்.

நம் ஊரில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம் என்றிருக்க, புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கோவாவுக்கு அடுத்த இடம். நாலு பேரில் ஒருவர்! எங்கள் வீட்டிலும் அந்த ஒருவர் உண்டு. மாமா கடலை மிட்டாயை எடுத்துக்கொண்டு, “வெல்லம்தானேம்மா, ஒண்ணும் பண்ணாது” என்பார். பண்ணும் மாமா, என்று ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வெல்லமும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பும் பொட்டாசியமும் உண்டென்றாலும், 15 கிராம் வெல்லத்தில் கிடைப்பது சொற்பம். மல்லாட்டையின் கொழுப்பும் புரதமும் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. சுகர் இருப்பவருக்குச் சாயந்திரம் ஒரு பிடி வறுத்த மல்லாட்டையே போதும், வெல்லம் எதற்கு?

கடலை மிட்டாயிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கடற்கரைக் காற்றில் பிரித்த பாக்கெட் இரண்டு நாளில் பிசுபிசுத்துப்போகும், கடலை காறும். சுருங்கிய, பூஞ்சை வாடை அடிக்கும் கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், கல்லீரலுக்குக் கெடுதல். அப்படிப்பட்டதைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை நன்றாக விளைகிறது, வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ரகங்கள் அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவைதான். அறுவடை சமயத்தில் புதுக்கடலை வாங்கி வீட்டிலேயே வறுத்து, வெல்லத்தைக் கடலையில் முக்கால் பங்காகக் குறைத்து உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் உதிரும், ருசி குறையாது. அப்புறம், ஒட்டும் பண்டம் என்பதால் தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

முந்திரி போட்ட ஃபட்ஜ் நல்லதா என்று கேட்பார்கள். பருப்பு போட்டதில் 100 கிராமுக்குக் கலோரி 460 ஆகிறது, புரதம் நாலு கிராமைத் தாண்டுகிறது. வெறும் ஃபட்ஜைவிடப் பரவாயில்லை, ஆனால் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் வராது. பண்ருட்டி முந்திரியைத் தனியாக நாலு தின்பது மேல்.

‘சுகர் ஃப்ரீ’ ஃபட்ஜ் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மால்டிடால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்று இருந்தால் அதிலும் கலோரி உண்டு, சர்க்கரையில் பாதிக்கும் மேல். ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். நாலைந்து துண்டு தின்றால் வயிறு உப்பி, பேதியும் ஆகலாம். வெளியூர்ப் பயணத்துக்கு முன் அதைப் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.