பீகிள் மரக் கப்பல் கிட்: பீரங்கி உண்டு, கடிகாரம் இல்லை

நில அளவைத் துறையில் 31 வருடம் சங்கிலியும் தியோடலைட்டுமாக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று மகள் வாங்கிக் கொடுத்தது இந்த எச்.எம்.எஸ். பீகிள் கிட். டார்வின் உலகம் சுற்றிய பிரிட்டிஷ் கப்பலின் மாதிரி. 1:60 அளவு. சுங்கத்தோடு பதினேழாயிரம் சொச்சம். ஒட்டி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

மரம் நல்ல மரம். வெந்நீரில் ஊறவைத்தால் உடையாமல் வளைகிறது. மூன்றாவது பாய்மரத்தைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். 1820-ல் கடலில் இறக்கியபோது இரண்டுதான், அளவைப் பணிக்கு மாற்றியபோது வந்தது மூன்றாவது. கயிறு படுமோசம், பிசிறு பிசிறாக வருகிறது. மெழுகு தேய்த்துச் சமாளித்தேன். பலகை நான்கு குறைந்தது. விற்றவர்களுக்கு மூன்று மெயில் போட்டும் பதில் இல்லை.

சரி, அதெல்லாம் பரவாயில்லை. பெட்டி மேல் பெரிதாக வெள்ளைத் தாடி டார்வின். கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 22! கப்பலும் அவருக்காகக் கிளம்பவில்லை. 1831 டிசம்பரில் பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் ஃபிட்ஸ்ராயை அனுப்பியது தென்னமெரிக்கக் கரையைப் படம் வரைய; அப்புறம் உலகைச் சுற்றித் துறைமுகம் துறைமுகமாகத் தீர்க்கரேகை எடுக்க. பிரேசிலில் பஹியா, ரியோ, அப்புறம் வால்பரைசோ, தஹிதி, சிட்னி, மொரீஷியஸின் போர்ட் லூயி, ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் என்று போகிறது வரிசை. கரையிறங்கி வானத்தைப் பார்த்து உள்ளூர் நேரம் எடுத்து, கப்பலின் குரோனோமீட்டரோடு, அதாவது முன்பு அளந்த ஊரின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரத்தோடு, ஒப்பிட வேண்டும். 4 நிமிட வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. ஒன்று ஏமாற்றினால் மற்றது காட்டிக்கொடுக்கட்டும் என்று 22 குரோனோமீட்டர்கள், மரத்தூள் பரப்பிய அலமாரியில் பெட்டி பெட்டியாகப் பதித்து வைத்திருந்தார்கள்.

பஹியாவுக்கும் ரியோவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை பிரெஞ்சுக்காரர்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை. ஃபிட்ஸ்ராய் ரியோவிலிருந்து பஹியாவுக்கே திரும்பிப் போய் மறுபடி அளந்தார். அவர் கணக்குதான் சரி. எங்கள் ஆபீசில் யாரும் தானாக இப்படி மறு அளவைக்குப் போய் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். உலகை ஒரு சுற்று சுற்றினால் நேர வித்தியாசமெல்லாம் சேர்ந்து சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். எல்லாவற்றையும் கூட்டியபோது அதற்கு மேல் 33 விநாடி வந்தது. டிராவர்ஸ் போட்டு, அதாவது புள்ளி புள்ளியாக அளந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பி, எவ்வளவு இடிக்கிறது என்று குளோசிங் எரர் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலில் ஐந்து வருடம் ஆடிய கடிகாரங்களுக்கு இது எவ்வளவு சின்னப் பிழை என்று.

கிட்டில் இதற்கெல்லாம் அடையாளமே இல்லை. பீரங்கி மட்டும் பித்தளையில் மினுக்குகிறது. கரையோரம் ஆழம் பார்க்கப் போனவை படகுகள். அதில் இரண்டே இரண்டுதான் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்க அறையில் வரைபட மேசை இருந்தது, அதன் மேலே தூளி கட்டித்தான் டார்வின் தூங்கினார். அந்த மேசையும் இல்லை. ஐஸ் குச்சியில் நானே செய்தேன். கூட வந்த பயணப் படத்தில் டார்வினால் பேர் பெற்ற கலாபகோஸ் தீவுகள் உள்ளங்கை அகலம், மொரீஷியஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. போர்ட் லூயியில் நம் நாட்டுக் கைதிகளைப் பார்த்து அவர்கள் தோற்றத்தை வியந்து டார்வின் எழுதியிருக்கிறார். அந்த ஊரையாவது போட்டிருக்கலாம்.

மரவேலைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். கப்பலைப் புரிந்துகொண்டதற்கு இரண்டுதான்.

மேல்தளத்தை ஒட்டி மூடுவதற்கு முன், உப்புத்தாள் தேய்த்ததில் விழுந்த மரத்தூளைப் பசை மேல் பரப்பி, 22 கடுகை எண்ணிப் பதித்தேன். வெளியே எதுவும் தெரியாது. பேரன்தான் அவ்வப்போது கப்பலை ஆட்டிக் காதில் வைத்துப் பார்க்கிறான். சத்தம் வருவதில்லை.